கையைப் பார், காலைப் பார்

பெங்களூருவில் டொம்லூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சோழர் காலத்துக் கோயில் ஒன்று உண்டு. அதில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலின் பெயர் சொக்கநாத சுவாமி கோயில்.

சொக்கநாதர் என்றால் யார்? மதுரைக்காரர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். மீனாட்சி அம்மனின் கணவர். சிவபெருமான். ஆனால் டொம்லூர் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே இருப்பவர் சிவன் அல்ல. பெருமாள். சொக்கப் பெருமாள் என்று சொல்வார்கள். பக்கத்தில் ஸ்ரீதேவியும் பூதேவியும் இருக்கிறார்கள்.

பெயரை மட்டும் கேட்டால் குழப்பம் வரும். கையைப் பார்த்தால் குழப்பம் தீரும். சங்கும் சக்கரமும் இருந்தால் அவர் பெருமாள். மானும் மழுவும் இருந்தால் சிவன். வேல் இருந்தால் முருகன்.

கல்லில் செய்த பெரிய சிலைக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். வீட்டுப் பூசை அலமாரியில் விரல் அளவுச் சிலைகள் இருக்கும். அவற்றுக்கும் இதேதான். சொல்லப்போனால் சின்னச் சிலைக்குத்தான் இது அதிகம் தேவை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் மழுங்கிப் போகும். மூக்கு இருக்காது. கண் தெரியாது. ஆனால் கை எப்படி இருக்கிறது, கால் எப்படி நிற்கிறது என்பது மட்டும் தெரியும். அதை வைத்துத்தான் சாமியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிலையும் ஒரு பாடம்

‘அ’ என்ற எழுத்தை யார் எழுதினாலும் அது ‘அ’ தான். சிலர் கோணலாக எழுதுவார்கள். சிலர் அழகாக எழுதுவார்கள். படிப்பவருக்கு ஒன்றுதான். சிலையும் அப்படித்தான். கும்பகோணத்தில் செய்தாலும் மைசூரில் செய்தாலும் அடையாளம் மாறாது.

வலது கையை நிமிர்த்தி உள்ளங்கையைக் காட்டினால், “பயப்படாதே” என்று பொருள். இதற்கு அபய முத்திரை என்று பெயர். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையைக் காட்டினால், “தருகிறேன், வாங்கிக்கொள்” என்று பொருள். இது வரத முத்திரை. நம் பாட்டிமார் பலர் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனாலும் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். “பயப்படாதே, சாமி கை காட்டுது பார்” என்று பேரப்பிள்ளைக்குச் சொல்வார்கள்.

பிள்ளையாரைப் பாருங்கள். ஒரு தந்தம் ஒடிந்திருக்கும். வியாசர் சொல்லச் சொல்ல மகாபாரதத்தை எழுதியவர் பிள்ளையார். எழுதுவதற்காகத் தன் தந்தத்தையே ஒடித்துக்கொண்டார் என்பது கதை. அவர் கையில் அங்குசமும் கயிறும் இருக்கும். இவை யானையை அடக்கும் கருவிகள். யானை முகச் சாமியின் கையில் யானையை அடக்கும் அங்குசம்! நம் மனமும் ஒரு யானைதான், அதை நாமே அடக்க வேண்டும் என்று இதற்குச் சிலர் பொருள் சொல்கிறார்கள். நல்ல பொருள்தான்.

லட்சுமி தாமரையில் இருப்பாள். தாமரை சேற்றில் பிறக்கிறது. ஆனால் சேறு அதில் ஒட்டுவதில்லை. பெரும்பாலான சாமி சிலைகளின் பீடமும் தாமரை இதழ் வடிவில்தான் இருக்கும். பீடத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தால் இதழ்கள் கைக்குத் தட்டுப்படும்.

சில சமயம் கையில் எந்தப் பொருளும் இருக்காது. அப்போதும் படிக்கலாம். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு சிவன் சிலை இருக்கிறது. திருவெண்காட்டுக் கோயிலுக்காக, இராசராச சோழன் காலத்தில், 1011ஆம் ஆண்டில் செய்தது. இது வீட்டுச் சிலையை விடப் பெரியது. ஒரு காலை மாற்றி வைத்து, ஒய்யாரமாக நிற்கிறார் சிவன். ஒரு கை மட்டும் எதன் மீதோ சாய்ந்த மாதிரி மடங்கி இருக்கிறது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் காற்றுதான். முன்பு அங்கே காளை நின்றது. இப்போது அதைக் காணோம். ஆனால் கையைப் பார்த்தவுடன் காளை நம் கண்ணுக்குத் தெரிகிறது. காளை இல்லாமலே காளையைக் காட்டும் கை அது.

நடராசர்

எல்லாச் சிலைகளிலும் அதிகச் செய்தி அடங்கியது நடராசர் சிலைதான். ஒரு சாண் உயரச் சிலைக்குள் ஒரு புத்தகமே இருக்கிறது. மெதுவாகப் படிக்க வேண்டும்.

அவருக்கு 4 கைகள். வலது பக்க மேல் கையில் உடுக்கை. உடுக்கையை அடித்தால் ஒலி வரும். ஒலியிலிருந்து உலகம் பிறந்தது என்பது நம்பிக்கை. ஆகவே உடுக்கை என்றால் படைத்தல். இடது பக்க மேல் கையில் நெருப்பு. அது அழித்தல். ஒரு கையில் பிறப்பு, ஒரு கையில் இறப்பு. இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். தராசுத் தட்டு மாதிரி.

வலது பக்கக் கீழ்க் கை, “பயப்படாதே” என்கிறது. அது காத்தல். இடது பக்கக் கீழ்க் கை, யானைத் துதிக்கை மாதிரி குறுக்கே வருகிறது. விரல் கீழே எதையோ காட்டுகிறது. எதை? தூக்கிய இடது காலை. “இங்கே வா, இந்தக் காலைப் பிடித்துக்கொள்” என்று கை சொல்கிறது. தூக்கிய கால் அருள். ஊன்றிய வலது கால் மறைத்தல். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று 5 தொழில்களைச் சைவர்கள் சொல்வார்கள். அந்த ஐந்தும் 4 கைகளிலும் 2 கால்களிலும் வந்துவிட்டன.

ஊன்றிய காலின் கீழே ஒரு குள்ளன் கிடக்கிறான். அவன் பெயர் முயலகன். அவன்தான் அறியாமை. கவனித்துப் பாருங்கள். அவன் சாகவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டுதான் கிடக்கிறான். காலை எடுத்தால் எழுந்துவிடுவான்.

சுற்றி ஒரு வளையம். அதில் தீயின் கொழுந்துகள். அதற்குத் திருவாசி என்று பெயர். சுழன்றுகொண்டே இருக்கும் உலகத்தை அது காட்டுகிறது. சடை இரண்டு பக்கமும் பறக்கிறது. அவ்வளவு வேகமான ஆட்டம். ஆனால் முகத்தில் வேகம் இல்லை. சிறிய சிரிப்பு மட்டும் இருக்கிறது.

கடைசியாகக் காதைப் பாருங்கள். இரண்டு காதிலும் ஒரே நகை இருக்காது. வலது காதில் ஆண்கள் அணியும் குழை. இடது காதில் பெண்கள் அணியும் தோடு. இடது பாதி உமையம்மை. ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் சாமி என்பதை ஒரு தோட்டில் சொல்லிவிட்டார்கள். கடையில் விற்கும் மலிவான சிலைகள் பலவற்றில் இரண்டு காதிலும் ஒரே மாதிரி போட்டுவிடுகிறார்கள். வாங்கும்போது பார்த்து வாங்கலாம்.

இந்த நடராசர் வெளிநாட்டிலும் நிற்கிறார். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரம் அருகே பெரிய அணு ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. அங்கே 2004ஆம் ஆண்டு இந்திய அரசு கொடுத்த 2 மீட்டர் உயர நடராசர் சிலையை நிறுவினார்கள். 2023ஆம் ஆண்டு டெல்லியில் 27 அடி உயர நடராசரை நிறுவினார்கள். அதைச் செய்தவர்கள் கும்பகோணம் அருகே சுவாமிமலையைச் சேர்ந்த ஸ்தபதிகள். ஒரு சாண் ஆனாலும் 27 அடி ஆனாலும் கையும் காலும் சொல்லும் செய்தி ஒன்றுதான்.

தராசுத் தட்டில் ஒரு சாமி

இனி அல்சூரில் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்ப்போம். அந்த வீட்டில் மாமியார், மருமகள், மகன், 2 பிள்ளைகள். மருமகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரவில் எழுத்தறிவு மையத்துக்கும் போகிறாள்.

வரமகாலட்சுமி நோன்பு வந்தது. பெங்களூருவில் இந்த நோன்பு பெரிய விசேஷம். கலசத்தில் லட்சுமியின் வெள்ளி முகத்தை வைத்துக் கும்பிடுவார்கள். பக்கத்து வீடுகளில் வெள்ளி முகம் இருந்தது. இவர்கள் வீட்டில் இல்லை. மருமகளுக்கு அது ஒரு குறை.

பரண்மேல் பழைய சாமான்கள் கிடந்தன. ஓட்டை விழுந்த பித்தளைக் குடம். தண்டு உடைந்த குத்துவிளக்கு. அவற்றோடு பூசை அலமாரியில் கறுத்துப்போன ஒரு சின்னச் சிலை. ஒரு சாண்கூட இருக்காது. குழந்தை நிற்கும் சிலை. முகம் முழுவதும் தேய்ந்துவிட்டது. மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு மாமியாரும் மருமகளும் சிக்பேட்டைக்குப் போனார்கள். அங்கே ஒரு பாத்திரக் கடைக்காரர் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தார்.

“சிலைக்குத் தனி விலை இல்லையா?” என்று மருமகள் கேட்டாள்.

“பழைய பித்தளைதானேம்மா. எல்லாத்துக்கும் ஒரே விலைதான்” என்றார் கடைக்காரர்.

மாமியாருக்கு மனம் கேட்கவில்லை. “என் மாமியார் சீர்காழிப் பக்கத்துலேருந்து வரும்போது மடியில கட்டிக் கொண்டாந்த கிருஷ்ணர் இது” என்றார்.

கடை ஓரத்தில் ஒரு வயதான ஆசாரி உட்கார்ந்து பாத்திரத்துக்குப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் குடுங்கம்மா, பாக்கறேன்” என்று சிலையை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார்.

“இது கிருஷ்ணர் இல்லீங்கம்மா” என்றார்.

“குழந்தை சாமிதானே? கையில வெண்ணெய்க் கிண்ணம் இருக்கே?” என்றார் மாமியார்.

“கிருஷ்ணர் கையில வெண்ணெய் உருண்டைதான் இருக்கும். கிண்ணம் இருக்காது. இது பால் கிண்ணம். வலது கையைப் பாருங்க. ஒரே ஒரு விரல் மட்டும் மேல நீட்டியிருக்கு. நுனி தேஞ்சுபோச்சு. ஆனா விரல் வானத்தைத்தான் காட்டுது. இது சம்பந்தர்.”

மருமகளுக்குப் புரியவில்லை. ஆசாரி கதையைச் சொன்னார். சீர்காழியில் ஒரு குழந்தை. வயது மூன்று. அப்பா குளிக்கக் குளத்தில் இறங்கினார். குழந்தை கரையில் நின்று அழுதது. அழுகையைக் கேட்டு உமையம்மை வந்தாள். கிண்ணத்தில் பால் கொடுத்தாள். அப்பா கரைக்கு வந்து பார்த்தார். குழந்தை வாயில் பால். “யார் கொடுத்த பாலைக் குடித்தாய்?” என்று அதட்டினார். குழந்தை விரலை நீட்டி வானத்தைக் காட்டியது. அங்கே சிவனும் உமையும் காளைமேல் தெரிந்தார்கள். குழந்தை அப்போதே பாடத் தொடங்கியது. சிவன் காதில் இருக்கும் தோட்டைச் சொல்லித்தான் அந்த முதல் பாட்டே தொடங்குகிறது.

மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “என் மாமியார் இதுக்குப் பால் மட்டும்தான் வைப்பாங்க. ஏன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல. நான் வந்த பிறகு வெண்ணெய் வெச்சேன்.”

“வெண்ணெய் வெச்சா என்னம்மா? குழந்தைதானே” என்று சிரித்தார் ஆசாரி.

“இது ரொம்பப் பழசுங்களா தாத்தா?” என்று மருமகள் கேட்டாள்.

“வயசை நான் சொல்ல மாட்டேன். தேய்மானம் நெறைய இருக்கு. அதுக்குன்னு படிச்சவங்க பாத்துத்தான் சொல்லணும்.”

குடமும் விளக்கும் தட்டில் இருந்தன. சிலை மாமியாரின் மடிக்குப் போனது. கிடைத்த பணம் வெள்ளி முகத்துக்குப் போதவில்லை. “இருக்கட்டும் அத்தை. இந்த வருஷம் தேங்காய்ல மஞ்சள் பூசி முகம் எழுதிடலாம்” என்றாள் மருமகள். அப்படியே செய்தார்கள்.

ஏன் இன்னொன்று கிடைக்காது?

உருக்கிவிட்டால் அதே மாதிரி இன்னொன்று வாங்க முடியாதா? முடியாது. அதற்குக் காரணம் அதைச் செய்யும் முறையில் இருக்கிறது.

சுவாமிமலையில் இன்றும் பழைய முறையில் சிலை செய்கிறார்கள். முதலில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்குவார்கள். அதை மடித்து மடித்து முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, கால் எவ்வளவு என்று அளவு எடுப்பார்கள். ஓலைதான் அளவுகோல். பிறகு தேன் மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் சிலையைச் செய்வார்கள். விரல், நகை, உடை மடிப்பு எல்லாம் மெழுகிலேயே வந்துவிடும். அதன் மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுவார்கள். நிழலில் காயவைப்பார்கள். மேலும் மேலும் மண் பூசிக் கம்பியால் கட்டுவார்கள்.

அந்த மண் கூட்டைச் சூடு செய்தால் மெழுகு உருகி ஓட்டை வழியே வெளியே வந்துவிடும். உள்ளே சிலையின் வடிவில் வெற்றிடம் இருக்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் கூட்டை உடைக்க வேண்டும். உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போனது, கூடும் போனது. மிச்சம் இருப்பது அந்த ஒரு சிலை மட்டும்தான். பிறகு அரத்தாலும் உளியாலும் செதுக்கி மெருகு போடுவார்கள். கடைசி வேலை கண் திறப்பது.

மணல் அச்சில் வார்க்கும் பித்தளைச் சிலைகளும் கடையில் கிடைக்கின்றன. ஒரே மாதிரி நூறு செய்யலாம். விலையும் குறைவு. அதைக் கும்பிட்டால் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதுவும் இதுவும் ஒன்றல்ல.

ஐம்பொன் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பொன் சிலை என்றால் உள்ளே நிறையத் தங்கம் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெரும்பகுதி செம்புதான். பித்தளையும் ஈயமும் கொஞ்சம் சேரும். வெள்ளியும் தங்கமும் பெயருக்குத்தான் சேர்ப்பார்கள். உருக்குபவருக்குத் தங்கம் கிடைக்காது. சாமியும் போய்விடும்.

கடல் தாண்டிப் போன சிலைகள்

வீட்டுச் சிலை தராசுக்குப் போகிறது. கோயில் சிலை கப்பலுக்கும் விமானத்துக்கும் போகிறது.

திருவாரூர் மாவட்டத்தில் பத்தூர் என்று ஒரு கிராமம். 1976ஆம் ஆண்டு அங்கே கூலித் தொழிலாளி ஒருவர் மண் வெட்டும்போது நடராசர் சிலை கிடைத்தது. அவர் அரசுக்குச் சொல்லவில்லை. விற்றுவிட்டார். சிலை பல கை மாறி லண்டனுக்குப் போனது. 1982இல் லண்டன் போலீசார் அதைக் கைப்பற்றினார்கள். வழக்கு நடந்தது. பத்தூர்க் கோயிலும் வழக்கில் ஒரு கட்சியாக நின்றது! சிலையில் மண்ணும் கரையான் தடமும் ஒட்டியிருந்தன. அவை பத்தூரில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 1988இல் கோயிலுக்கு வெற்றி. மேல்முறையீடும் தோற்றது. 1991இல் சிலை திரும்பி வந்தது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் நடந்தது வேறு. அங்கே கோயில் பூட்டியே கிடந்தது. 2006ஆம் ஆண்டில் நடராசர் சிலை திருடு போனது. ஊருக்கே உடனே தெரியவில்லை. 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. அது ஸ்ரீபுரந்தான் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? 1994ஆம் ஆண்டு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் அந்தக் கோயில் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படம் சாட்சி சொன்னது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

மண் சாட்சி சொன்னது. படம் சாட்சி சொன்னது. இரண்டும் இல்லாத ஊரின் சாமிக்கு யார் சாட்சி?

சட்டம் சொல்வது

மண்ணைத் தோண்டும்போது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. அத்தகைய சிலையைத் தனி ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டில் இருந்தால் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் சிலையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பதிவு செய்வதால் சிலை கைவிட்டுப் போகாது. அது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். விவரம் கேட்க இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகம் பெங்களூருவிலும் உள்ளது.

அதற்கு முன்னால் நாமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. சிலையைப் புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்தலாம். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். முன்புறம், பின்புறம், பீடம் என்று 3 படம் எடுக்கலாம். கைப்பேசிப் படமே போதும். பிறகு ஒரு தாளில் எழுதி வைக்கலாம். அல்சூர் மருமகள் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது இது:

“எங்கள் வீட்டுச் சாமி. பெயர் சம்பந்தர். உயரம் 7 அங்குலம். எடை 1 கிலோ 300 கிராம். நிற்கும் குழந்தை. 2 கை. இடது கையில் பால் கிண்ணம். வலது கையில் ஒரு விரல் மேலே. இடுப்பில் அரைஞாண். காலில் தண்டை. பீடத்தில் தாமரை இதழ். பின்பக்கம் தோளில் ஒரு கீறல். என் மாமியாருடைய மாமியார் சீர்காழிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. இதற்குப் பால் வைக்க வேண்டும்.”